ஜமுக்காளத்துச் சிவப்பு

கலைமணி எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்தான். இன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செம்மேட்டுக்கு ஆசிரியராக வந்ததிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான்.

இன்று மட்டும் ஒரு வேலை இருந்தது. பீரோ மேல் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பவானித் தறியில் நெய்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். அவன் சங்கீதாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் வீட்டில் விரித்தது. கல்யாணமாகி அவளோடு அவன் வீட்டுக்கு வந்தது. சங்கீதா இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு அவன் அதை விரிக்கவில்லை.

கொதிக்கிற தண்ணீரில் சோப்புத் தூளைக் கொட்டி ஊற வைத்தான். சொட்டச் சொட்டத் தூக்கி மாடிச் சுவரில் போட்டான்.

கீழே ஓர் அலறல்.

"ஏனுங்க! மேல யாருங்க? கோழி கீழி அறுக்கறீங்களா?"

எட்டிப் பார்த்தான். முந்தின நாள் கீழ் வீட்டுக்குக் குடிவந்த நர்ஸ். கொடியில் அவளுடைய வெள்ளைக் கோட்டு. அதன் முதுகெல்லாம் சிவப்பு...

"மன்னிச்சுக்கங்க... சாயம்..."

"இன்னைக்குத்தான் டூட்டில சேரோணும்! இதப் போட்டுட்டுப் போனா ஊசி போட வந்த கொழந்தைங்க மலையெறங்கிக் காரவள்ளி வரைக்கும் ஓடிப்போயிருமே!"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத பெரிய கண்கள். கலைமணியின் நெஞ்சு படபடத்தது. அது அடித்துக்கொள்ளும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

அவளே மேலே ஏறி வந்தாள். வனிதா. காளப்பநாயக்கன்பட்டிக்காரி. வாளியிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ஜமுக்காளத்துக்குச் சுடுதண்ணியா? தொவைக்கறீங்களா, சாறு காய்ச்சறீங்களா?"

"தெரியலீங்க."

"பச்சத்தண்ணிங்க. கொஞ்சம் பூந்திக்கொட்ட போதும். முறுக்கிப் பிழியக் கூடாது, நெழல்ல காயோணும். அந்தப் பக்கம் புடிங்க!"

பிடித்தான். அலசினார்கள். வளையல் குலுங்கியது. தண்ணீர் சிவப்பிலிருந்து ரோஸாகி, ரோஸிலிருந்து தெளிந்தது. அவள் நெற்றியில் ஒரு சோப்பு நுரை... சொல்லலாமா? வேண்டாம், இருக்கட்டும். நன்றாகத்தான் இருக்கிறது.

ஓரத்தில் ஒரு பழுப்பு வட்டத்தைக் கண்டாள் வனிதா.

"காபிக் கறைங்களா? எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சா..."

"தொடாதீங்க!"

அவன் கத்தியது அவனுக்கே திடுக்கென்றது. அவள் கையை உதறி எழுந்தாள்.

"உங்க ஜமுக்காளம். நீங்களே பாத்துக்கங்க, சாமி."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில், அலசியதில் முழுக்க ரோஸாகிவிட்ட கோட்டை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் வேலைக்கு நடந்தாள்.

மலையில் மூட்டம் விலகவே இல்லை. மாடித் தகரக் கூரையின் அடியில் ஜமுக்காளம் மெல்ல மெல்லக் காய்ந்தது. கலைமணி காலையிலும் மாலையிலும் அதைத் திருப்பிப் போட்டான். அந்த நேரங்களில்தான் ரோஸ் கோட்டு தெருவில் போகும், வரும். ஒரு பார்வை கிடைக்காதா? கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தீரும். ஜமுக்காளத்தைத்தான் மறுபடி திருப்பினான். அவளும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு மாலை, மிளகுக் கொடிகளை ஆட்டிக்கொண்டு மழை பாய்ந்து வந்தது. காற்று சாரலைக் கூரைக்குள் அள்ளி வீசியது. கலைமணி ஜமுக்காளத்தை இழுத்தான். அகலம், கனம். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது.

நழுவிய முனையை ஒரு கை பிடித்தது. ரோஸ் கோட்டுக் கை!

"ஒத்தையில மடிக்கற சாமானுங்களா இது? ம்... உள்ள வாங்க."

இருவரும் உள்ளே இழுத்துப்போய் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். ஒரு மடிப்பு. எதிரெதிரே நடந்து முனைகளைச் சேர்த்தார்கள். விலகினார்கள். அடுத்த மடிப்பு... இன்னும் பக்கத்தில். அவள் இமையில் ஒரு மழைத்துளி. விரலோடு விரல் பட்டது. இருவருமே எடுக்கவில்லை.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு எனக்குக் கை நடுங்கிருச்சுங்க," என்றான். "காபியக் கொட்டிட்டேன். சங்கீதா சிரிச்சா. அந்தக் கறைங்க அது. அவ போயி மூணு வருசமாச்சுங்க."

வனிதா கறையைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?"

"சொல்ல வரலீங்க."

"கறை இருக்கட்டும். ஆனா சுருட்டியே வெச்சா மறுபடி பூஞ்சணம் புடிக்கும். விரிக்கோணும்ங்க. ஆளு உக்காரோணும்."

"நீங்க தெனமும் போறத மாடியில நின்னு..."

"தெரியும். நா தெருவுல எறங்குனாப் போதும், ஜமுக்காளத்தத் திருப்பிப் போடறீங்க. அதென்ன தோசைங்களா?"

அவன் சிரித்தான். வாய்விட்டு! மழையையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது.

"உங்களப் புடிச்சிருக்குதுங்க, வனிதா."

அவள் முகம் கோட்டின் நிறத்துக்கு மாறியது. மடித்த ஜமுக்காளத்தை அவன் கைகளில் வைத்தாள். படியிறங்கினாள். அவ்வளவுதானா? பாதிப் படியில் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"ஞாயித்துக்கெழம எங்கப்பா வாராருங்க. ஜமுக்காளத்த விரிச்சு வைங்க. கை நடுங்குனா நடுங்கட்டும்... இன்னொரு கறைக்கு எடமிருக்குதுங்க."