பதினேழாவது கேள்வி

நார்வேயிலிருந்து இங்கெர் எனக்குப் பதினேழு கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தாள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, பாம்பு உண்டா, தனியாக வரும் பெண்ணுக்குத் தொந்தரவு இருக்குமா. பள்ளி ஆசிரியை, முதல் வெளிநாட்டுப் பயணம். தங்கும் விடுதி நடத்துகிறவன் என்ற முறையில் பொறுமையாகப் பதில் எழுதினேன். எங்கள் மலையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வேலிக்கு வெளியே நின்று "ஊப்பே" என்று குரல் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

பதினேழாவது கேள்வி: அக்டோபரில் மலைச் சாலை பாதுகாப்பானதா?

இல்லை. கோஸ்டாரிகாவில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், அக்டோபர் மழையில் மலை சரியும் என்று. ஆனால் என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று அறைகளும் காலி. எதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

"பயப்படாமல் வாருங்கள். நல்ல சாலை" என்று எழுதிவிட்டேன்.

அவள் வர வேண்டிய நாள். பிற்பகல் மூன்று மணி. துணிப்பையில் காப்பி வடிந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய பனி வேலியை மூடியிருந்தது.

"ஊப்பே..."

தயங்கித் தயங்கி வந்த குரல். முதன்முறையாகச் சொல்லிப் பார்ப்பவளின் குரல்.

"உள்ள வாங்கம்மா, உள்ள வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வேலியருகே யாரும் இல்லை. ஈர மண் வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து டோன்யா எர்மிதா மூச்சு வாங்க வந்தாள். மேசையைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன எலாடியோ, ரெண்டு கோப்பை? யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

இரண்டாவது கோப்பையை ஓரமாக நகர்த்தினேன்.

"சரி, விஷயம் தெரியுமா? கீழ் வளைவுல மலை சரிஞ்சு ஒரு வாடகைக் காரை அப்படியே மூடிடுச்சு. யாரோ வெளிநாட்டுப் பொண்ணாம், பாவம். இந்த மாசத்துல வரலாம்னு எந்த மடையன் சொன்னானோ!"

"எப்போ?"

"மத்தியானம் பன்னெண்டுக்கே."

அந்த மடையன் நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் உள்ளே வா என்று சொல்லிவிட்டேனே.

அவள் வந்துவிட்டாள்.

காலையில் கூடத்தில் சேற்றுக் கால்தடம். பூட்டிய அறையில் படுக்கை அழுந்தியிருக்கும். பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். மறுநாளும் சேறு. பிறகு பழகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் சில நாள் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. வேறு யார் வந்தார்கள்? ஒரு வருடமாக ஒரு விருந்தாளிகூட வரவில்லை.

நேற்று ஸ்பெயினிலிருந்து ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். டிசம்பரில் வரலாமா, சாலை எப்படி?

டிசம்பரில் மழை இல்லை. உண்மையிலேயே நல்ல சாலை. ஆசையோடு கணினி முன் உட்கார்ந்தேன்.

பதில் ஏற்கெனவே போயிருந்தது. என் பெயரில். நான் தோட்டத்தில் இருந்த நேரத்தில்.

"வராதீர்கள்."

பழைய கடிதங்களைத் திறந்தேன். இருபத்தாறு பேர் கேட்டிருந்தார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இருபத்தாறு பேருக்கும் அதே ஒற்றைச் சொல்.

"இங்கெர், மன்னிச்சிடு. இவங்களையாவது வர விடு. என்னால தனியா இருக்க முடியல" என்றேன்.

வீடு அமைதியாக இருந்தது. தைரியம் வந்து, "தவறான பதில் போய்விட்டது, கட்டாயம் வாருங்கள்" என்று தட்டினேன்.

என் விரலின் மேல் ஈரமான விரல் ஒன்று அமர்ந்தது. அவசரமே இல்லாமல், எழுத்து எழுத்தாக அழித்தது.