அலமாரிக்குள் கடைசி அத்தியாயம்

"உன்கூட சேந்து யாரு மித்ரா படிக்கறது?"

அப்பா கோவிந்தப்பா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சங்கமித்ரா அடுப்படியில் ராகிக்களி கிளறிக்கொண்டிருந்தாள். யாரும் இல்லையே, நான் மட்டும்தானே என்றாள்.

"இல்லம்மா. உன் குரலுக்குக் கீழ இன்னொருத்தி இருக்கா. ரொம்ப தூரத்துல இருந்து கத்திக் கத்திப் படிக்கறா. கிட்டத்தட்ட உன் குரல்தான்."

சர்க்கரை நோய் அப்பாவின் கண்ணைப் பறித்த பிறகு அவருக்கு எல்லாமே காதுதான். பக்கத்து வீட்டு லீனா எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள் என்பதைக்கூடச் சொல்லிவிடுவார். அதனால் அவர் சொன்னதைச் சும்மா தள்ளிவிட அவளால் முடியவில்லை.

இலவச ஒலிப்புத்தகங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன என்று பெருமையடிப்பவர்கள் ஆங்கிலம் தெரிந்தவர்கள். தமிழில் தேடிப் பார்த்தால்தான் அருமை தெரியும். தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே படித்துப் பதிவேற்றும் ஒரு தளத்தில் சில பழைய நாவல்கள் கிடைத்தன. அப்பா அத்தனையையும் கேட்டு முடித்துவிட்டு, இல்லாத ஒன்றைக் கேட்டார். மில்லில் வேலை பார்த்த காலத்தில் கூட்டாளி ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டிய மர்ம நாவல். பாதியில் மில்லை மூடிவிட்டார்கள், முடிவு தெரியாமலே போயிற்று. பதிப்புரிமைக் காலம் முடிந்த புத்தகத்தை யார் வேண்டுமானாலும் படித்து அனுப்பலாம் என்று அந்தத் தளத்தில் போட்டிருந்தது. பிறகென்ன, அவளே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் குரலை எவன்க்கா கேக்கப்போறான்?" என்று தம்பி உமேஷ் சிரித்தான்.

"அப்பா கேப்பாரு. போதும்."

தொம்மலூரில் ஆபீஸ் வண்டிகளின் ஹாரன் ஓயாத அந்தத் தெருவில் சத்தம் புகாத இடம் ஒன்றே ஒன்றுதான். வாசல் வழியாக வெளியே போகாது என்பதால் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய மர அலமாரி. பூட்டு எப்போதோ கழன்றுபோய் கதவில் ஒரு துளை மட்டும் மிச்சம். துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்று தன்னார்வலர்கள் சொல்லியிருந்தார்கள். உள்ளே முக்காலி போட்டு, தொங்கும் புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களை டார்ச் வெளிச்சத்தில் படிப்பாள்.

அன்று சாயங்காலம் அவளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். தன் குரல், தாள் புரளும் சத்தம், எங்கோ தேய்ந்துபோன ஒரு ஹாரன், இவை எல்லாவற்றுக்கும் அடியில், பத்து கம்பளிக்கு அந்தப்பக்கம் இருந்து வருவதுபோல, தொண்டை கட்டிப்போன ஒருத்தி அதே கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா ஹெட்போனைக் கழற்றினாள். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தாள். மறுபடியும் அந்த இன்னொருத்தி இருந்தாள்.

"வேணாம்க்கா, விட்டுடு. சும்னே எதுக்கு வம்பு?" என்றான் உமேஷ். இப்போது அவன் சிரிக்கவில்லை.

பதில் சொன்னது அப்பாதான். "சின்ன வயசுல என்னை ஸ்கூலுக்குள்ளயே விடல. வெளிய மரத்தடியில நின்னு கேட்டேன், அங்கிருந்தும் துரத்துனாங்க. இப்ப ஒரு பேய்க்குப் பயந்து காதை மூடிக்கணுமா? திங்கக்கிழமை என் கால எடுக்கப்போறாங்க. மயக்க மருந்து குடுத்தா எழுந்திருப்பேனோ மாட்டேனோ. அதுக்குள்ள முடிவு தெரிஞ்சாகணும்."

அந்தப் பேச்சு அவளுக்குள் நெருப்பு வைத்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உமேஷ் பொம்மசந்திராவுக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். மாலையிலிருந்து மழை. அப்பாவை அலமாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசகற்பூர உருண்டை வாசனைக்குப் பின்னால் இன்று வேறொரு வாடை, நாள்பட மூடிக்கிடந்த ஈரத்துணியின் வாடை. முதுகில் படவேண்டிய பலகை படவில்லை. கையைப் பின்னால் நீட்டினாள். புடவை. அதற்குப் பின்னால் இன்னொரு புடவை. இன்னொன்று. அவ்வளவு புடவை அவளிடம் கிடையாது.

இருட்டில் ஏதோ மூச்சு விட்டது.

"யாரா இருந்தாலும் இரு. இருந்து கேட்டுட்டுப் போ. நான் நிறுத்த மாட்டேன்."

படித்தாள். குரல் நடுங்கியபோது இன்னும் சத்தமாகப் படித்தாள். பிடரியில் மூச்சு பட்டது. படித்தாள். விரல் ஒன்று அவள் மணிக்கட்டின் பச்சைக் கண்ணாடி வளையல்களைத் தடவியது. படித்தாள். கடைசி வரி. முற்றும்.

டார்ச் அணைந்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. பூட்டே இல்லாத கதவு. தோளால் இடித்தாள். அசையவில்லை.

"முடிஞ்சுதா மித்ரா?" வெளியே அப்பா.

"ஆயிட்டுதுப்பா."

அவள் குரல்தான், வெளியிலிருந்து. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை.

துளையில் கண்ணை வைத்தாள். அப்பாவின் முகத்தில் சிரிப்பு. அவர் கையைப் பிடித்திருந்த கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். சங்கமித்ரா தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் கை.

"அப்பா!"

அவர் திரும்பவில்லை. மறுபடி கத்தினாள். கேட்கவில்லை. எது அவருக்குக் கேட்டது என்று அப்போதுதான் நினைவு வந்தது. கதை கேட்டது. அது மட்டும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ முறை அழித்து அழித்துப் படித்த முதல் அத்தியாயம் அவளுக்கு மனப்பாடம். தாள் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். தொண்டை கிழிந்தாலும் சரி என்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

வெளியே அப்பா தலையைச் சாய்த்தார்.

"மித்ரா, அந்த இன்னொருத்தி இன்னும் படிக்கறாளே. பாவம், தொண்டை கட்டிப்போச்சு அவளுக்கு."

"படிக்கட்டும்பா."

சங்கமித்ரா நிறுத்தவில்லை. அப்பாவின் முகம் மெல்ல மெல்ல அலமாரிப் பக்கம் திரும்பியது. புருவம் சுருங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அவள் இன்னும் ஓங்கிப் படித்தாள்.

பச்சை வளையல் கை ஹெட்போனை எடுத்து, பதமாக, அவருடைய இரண்டு காதுகளையும் மூடியது.