உள்ளங்காலில் சூடு

மழை விட்ட ஒரு கார்த்திகைச் சாயங்காலம், தாட்சாயிணி தன் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அந்த வீட்டுக்குள் கொண்டுபோனாள். கோவில்பதாகையில், ஏரிக்கரைக்குப் பின்பக்கத் தெரு. சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட இரண்டு அறைகள், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் பாசி பிடித்த கிணற்றடி. பழைய வீடுதான். ஆனால் தரைத்தளம். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அதற்குமுன் மண்ணூர்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன அப்பா வீரராகவனை ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் தெருவில் போகிற வருகிறவர்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அம்மா போய் வெகுநாளாகிறது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்கு அவள், அவளுக்கு அப்பா.

வீட்டுக்காரி கன்னியம்மாள் எதிர் வீட்டில் இருந்தாள். அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போய், மிச்சம் இருந்தது இரண்டு வீடும் நான்கு மாடுகளும். தாட்சாயிணி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அவள் வேலைக்குப் போனபின் பகலில் கன்னியம்மாள்தான் வந்து அப்பாவுக்குக் கஞ்சி கொடுப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள். நல்ல மனுஷி. ஆனால் வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாள்.

"விளக்கு வைக்கிற நேரம் கண்ணு, ஊட்ல வேல கீது" என்று முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மார்கழி பிறந்ததும் குளிர் வந்தது.

சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் ஏரியோரத்தில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து கிளம்புகிற காற்று, பாசி வாசனையோடு, ஜன்னல் இடுக்கு வழியே நுழைந்து தரையில் ஊர்ந்து வரும். சிமெண்டுத் தரை ஈரத் துணி மாதிரி சில்லிட்டுக் கிடக்கும். அதில் அப்பாவின் கால்கள்தான் முதலில் அகப்பட்டன. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து காய்த்துப்போன பாதங்கள் அவை. இப்போது ரத்த ஓட்டம் குறைந்து, தொட்டால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காய்கறி மாதிரி இருந்தன.

"தாட்சா... காலும்மா..."

ராத்திரி முழுக்க அதே முனகல். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருப்பாள். எழுந்து காலுறை மாட்டுவாள். வெந்நீர்ப் பை வைப்பாள். துண்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடு ஆறுமுன் சுற்றுவாள். ஹீட்டர் ஒன்று வாங்கி மாட்டினாள். பழைய வயரிங் தாங்காமல் வீடே இருண்டது. கடைசியில் தைலம் தடவி, உள்ளங்கையால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கண் அசந்தால் மறுபடியும் முனகல் கேட்கும்.

ஆபீஸில் எண்கள் கண் முன்னால் நீந்தின. ஒருநாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள்.

பிறகு ஒருநாள் அப்பா கூப்பிடவே இல்லை.

ஜன்னலில் வெளுப்புத் தட்டியபோது தாட்சாயிணி பதறிக்கொண்டு எழுந்தாள். மூக்கருகே கை வைத்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. போர்வைக்குள் கைவிட்டுக் காலைத் தொட்டாள்.

சுட்டது.

அடுப்பருகே காட்டிவிட்டு இப்போதுதான் எடுத்தது போன்ற சூடு. உறைகள் இரண்டும் கழற்றப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, கட்டில் காலடியில் வைக்கப்பட்டிருந்தன.

அப்பா கண் திறந்து சிரித்தார். "நேத்து நல்லாத் தேய்ச்சு விட்டம்மா. இந்த மாதிரி தூங்கி எத்தன நாளாச்சு."

அவள் தேய்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அன்றைக்கு எவ்வளவோ நாளுக்குப்பின் வாய்விட்டுப் பேசிக்கொண்டே அப்பாவுக்கு இட்லி ஊட்டினாள்.

அடுத்தடுத்த இரவுகளும் அப்படியே கழிந்தன. அப்பா முனகவில்லை. முகத்தில் ரத்தம் ஊறியது. கன்னியம்மாளே, "இன்னாம்மா, உங்க நைனா மாப்பிள்ள கணக்கா மினுக்குறாரு" என்றாள்.

ஆனால் தாட்சாயிணிக்குக் குளிர ஆரம்பித்தது.

முதலில் முதுகில் மட்டும். பிறகு தோளில், இடுப்பில். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டாள். கம்பளி மேல் ஜமுக்காளம் போர்த்தினாள். கால்களை வயிற்றோடு மடக்கிச் சுருண்டாள். எதற்கும் அடங்கவில்லை, குளிர் வெளியிலிருந்து வரவில்லை, எலும்புக்குள்ளிருந்து கசிந்தது. காலையில் எழுந்தால் நகங்கள் நீலம் பாரித்திருக்கும். பல் துலக்க விரல் மடங்காது. உச்சி வெயிலில் ஆபீஸ் மொட்டை மாடியில் போய் நின்றால்தான் கொஞ்சம் உயிர் வரும். டாக்டர் ரத்தசோகை என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இது சரியில்ல போல" என்று உதறி மறுபடி வைத்தார்.

மறுபடியும் அதே அளவுதான் காட்டியது.

தூங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ஒருநாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்பா சீக்கிரமே குறட்டை விட்டார். தெருவில் நாய்கள் ஓய்ந்தன. ஆவடிப் பக்கம் கடைசி ரயிலோ என்னவோ நீளமாகக் கூவிவிட்டுப் போனது. பிறகு ஏரியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. தவளைகள், தண்ணீர், தவளைகள்.

தவளைகள் நின்றன.

அறையில் பாசி வாசனை இல்லை இப்போது. தைல வாசனை வந்தது. பழைய தைலம், பாட்டிலின் அடியில் காய்ந்துபோனது போன்ற கசந்த நெடி.

போர்வை மெல்ல உயர்ந்தது.

மெத்தை அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் கனத்துக்கு அழுந்தியது.

யாரோ அவள் முதுகோடு ஒட்டிப் படுத்தார்கள். குழந்தை அம்மாவை அணைத்துக்கொள்வது போல, அவசரமே இல்லாமல், ஒரு கை இடுப்பைச் சுற்றி வந்தது. இரண்டு ஐஸ் பாதங்கள் அவள் கெண்டைக்கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டன. பிடரியில் ஒரு நெற்றி பதிந்தது.

மூச்சு இல்லை.

கத்த நினைத்தாள். தாடை இறுகிக் கிடந்தது. உடம்பிலிருந்த சூடு, குழாய் திறந்த தொட்டியிலிருந்து நீர் இறங்குவது மாதிரி, முதுகு வழியாக இறங்கிப் போவதை அவளால் உணர முடிந்தது. மார்பு, வயிறு, தொடை. ஒவ்வொன்றாக வற்றியது.

அப்புறம் கனம் எழுந்தது.

கட்டில் லேசாக முனகியது.

சர்... சர்... சர்...

வறண்ட உள்ளங்காலில் உள்ளங்கை தேய்கிற சத்தம். பொறுமையாக, பழகிய கையால், விரலிடுக்கு விடாமல். அப்பா தூக்கத்திலேயே நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

சத்தம் நின்றது. போர்வை மறுபடி உயர்ந்தது.

விடியும்வரை அது போய்ப் போய்த் திரும்பி வந்தது.

காலையில் கன்னியம்மாள் பால் கொண்டுவந்தபோது தாட்சாயிணி வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கிழவியின் முகம் சுருங்கிவிட்டது.

"வந்துட்டாளா?" என்றாள், குரலை இறக்கி.

"யாரு?"

கன்னியம்மாள் பால் செம்பைக் கீழே வைத்தாள். "சுலோசனா. உனுக்கு முன்னால குடி இருந்தவ. அவளும் அவ ஆத்தாளும் மட்டுந்தான். ஆத்தாளுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. இந்தப் பொண்ணு ராப்பகலா காலப் புடிச்சிகினே கெடக்கும். ஒரு மார்கழில ரெண்டு நாளா கதவு தொறக்கல. ஒடச்சிகினு போனா, பொண்ணு வெறச்சிப் போய்க் கெடக்குது, ஆத்தா காலக் கட்டிப் புட்ச்சாப்பல. ஆத்தாவுக்குப் பொண்ணு செத்ததே தெரில. 'மெதுவாப் பேசுங்க, எம்மவ இப்பதான் தூங்குறா'ன்னுது. அது கால நான் தொட்டேன் கண்ணு. நெருப்பு மாரி சுட்டுச்சி."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"பூட்டிப் போட்டே வருசம் ஓடிப்போச்சி. போய்ட்டிருப்பான்னு நெனச்சேன்." கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டவ இல்ல அவ. ஆனா அவகிட்ட இன்னா சூடு மிச்சம் கீது, குடுக்கறதுக்கு?"

தாட்சாயிணி உள்ளே போனாள். அப்பா விழித்திருந்தார். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ராத்திரி உங்க காலத் தேய்க்கிறது நான் இல்ல."

அவர் கண்ணை உத்தரத்திலிருந்து எடுக்கவில்லை.

"அப்பா."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"முத நாளே தெரியும். உன் கை இல்லன்னு காலுக்குத் தெரியாதா?" அவருடைய நல்ல கை போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. குரல் கெஞ்சியது. "என்கிட்ட கேட்டாம்மா. தன்கிட்ட சூடே இல்ல, உம் மககிட்டருந்து கொஞ்சமா எடுத்துக்கட்டுமான்னு கேட்டா. எனக்குக் காலு உயிர் போற வலி. நீ நல்லாப் போத்திக்கிட்டுதான படுக்குற..."

நிறுத்தினார்.

"நான் சரின்னுட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை; கோபத்துக்கும் கொஞ்சம் சூடு வேண்டும். இந்த மனிதர்தான் ஒருகாலத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்றால் டிப்போவிலிருந்து சாப்பிடாமல் ஓடி வருவார். வலி ஓர் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நினைத்தாள். அழுகை மட்டும் வந்தது.

ஆபீஸ் தோழி சித்ராவின் அண்ணன் நசரத்பேட்டையில் ஒரு ஃபிளாட் வாங்கிப் பூட்டி வைத்திருந்தான். ஆறாவது மாடி, லிஃப்ட் உண்டு. தாட்சாயிணி போனிலேயே அழுது சாவி வாங்கினாள். அன்றைக்குப் பொழுது சாயுமுன் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மெத்தையை அங்கேயே விட்டாள்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது அப்பா தலையைத் திருப்பி இருட்டிக்கொண்டிருந்த அறையைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"வாம்மா, போலாம்" என்றார்.

"இதோ வந்துட்டேன்ப்பா" என்று தாட்சாயிணி பின்னாலேயே ஓடினாள்.

புது ஃபிளாட்டில் அவளுக்கு நடுக்கம் நின்றது. ஒரே வாரத்தில் நகத்தின் நீலம் போனது. ஆனால் அப்பாவின் முனகல் திரும்ப வந்தது. தை முழுக்க, கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் இரைகிற இரைச்சலையும் மீறி, "காலும்மா, காலும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு ராத்திரி கண் விழித்தால் தானே விழுந்துவிடுவோம் என்ற நிலையில், இரவுக்கு மட்டும் ஓர் ஆளைச் சேர்த்தாள்.

பத்மா பூந்தமல்லிக்காரி. குள்ளமாக, உருண்டையாக, வாய் ஓயாமல் பேசுகிறவள். புருஷன் விட்டுப் போய், இரண்டு பெண் குழந்தைகளைத் தன் அக்கா வீட்டில் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு வருவாள். "நீ போய்ப் படுக்கா, நைனாவ நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே தாட்சாயிணியை உள்ளறைக்குத் துரத்தினாள்.

மாசியில் அப்பாவின் முனகல் நின்றது.

தாட்சாயிணி தூங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, காலை நீட்டி, விடியும்வரை தூங்கினாள். கண்ணுக்குக் கீழிருந்த கருப்பு மறைந்தது. ஆபீஸில் சிரித்துப் பேசினாள். பத்மாவின் கை நல்ல கை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

சித்திரை வந்தது. சுவரைத் தொட்டால் சுடுகிற சித்திரை. ஓர் இரவு கரண்ட் போய், அந்தக் கட்டிடமே பால்கனிகளில் நின்று விசிறிக்கொண்டிருந்தது. உள்ளறையில் வியர்வையில் நனைந்து எழுந்த தாட்சாயிணி தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

கூடத்தில் அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்குக் கீழே பத்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவரை போர்வை. போன் வெளிச்சத்தில் அவள் முகம் பாதியாக வற்றியிருந்தது. எப்போது இப்படி இளைத்தாள் என்று தெரியவில்லை. பற்கள் தந்தியடித்தன.

"அக்கா..." என்றாள் பத்மா. "எனுக்கு மட்டும் இன்னாமோ ஒரே குளிரா கீதுக்கா. இன்னொரு போர்வ இருந்தாக் குடேன்."

தாட்சாயிணியின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஏதோ சொல்ல வாய் திறந்தாள். கட்டிலில் அப்பா தூக்கத்திலேயே நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்து, இருந்ததிலேயே கனமான கம்பளியை எடுத்துவந்து பத்மாவின் தோளில் போர்த்தினாள்.

"நல்லாப் போத்திக்கிட்டுப் படு" என்றாள்.

பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.