ஐந்தாவது லேயர்

படத்துக்கு நான்கு லேயர்தான் போட்டிருந்தாள். இப்போது ஐந்து இருந்தன.

அவள் போனிலேயே படம் வரைகிறவள். சிறுவர் கதைப் புத்தகங்களுக்கு, ஆள்காட்டி விரலால். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரிதான் அந்த ஆப்பில் லேயர்கள் இருக்கும். அடியில் சுவர், அதன்மேல் ஜன்னல், அதன்மேல் நாற்காலி, எல்லாவற்றுக்கும் மேலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை. ஒன்றில் வரைவது இன்னொன்றைத் தொடாது. சுவரைச் சுரண்டி எடுத்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குழந்தைக்கு மாடல் அவளுடைய மகள். ஆறு வயது, வீட்டில் எல்லோருக்கும் வாலு, அந்தப் பெயரைத் தினமும் பாடுபட்டுக் காப்பாற்றுகிற ஆள்.

ஐந்தாவது லேயர் சுவருக்கும் அடியில் கிடந்தது. சுவரை மறைத்துவிட்டுப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு தீற்றல். உற்றுப் பார்த்தால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. முகம் இல்லை.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போய் இரண்டு வாரம் ஆகிறது. வீட்டில் இருப்பது அவள், வாலு, வேலை தேடுகிறேன் என்று வந்து ஒரு மாதமாக இங்கேயே தங்கியிருக்கும் நாத்தனார்.

"என் போனை எடுத்தியா?"

நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினாள். "இல்லையே அண்ணி. ஏன்?"

"படத்துல யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க."

"வாலுவா இருக்கும்."

"அவளுக்கு லாக் எடுக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. லேயரை அழித்துவிட்டு, லாக்கையும் மாற்றினாள்.

மறுநாள் மத்தியானம் போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடியதும், வெயில் காய்ந்து கிடந்த அந்த அமைதிக்குள், ஈர விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி இழுத்தால் வருமே, பல் கூசுகிற அந்தச் சத்தம், படுக்கையறைப் பக்கமிருந்து மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பூனை மாதிரி நடந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

அறையில் யாரும் இல்லை. போன் திரை எரிந்துகொண்டிருந்தது. பல நாள் மூடி வைத்த பெட்டிக்குள்ளிருந்து ஈரத்துணியை எடுத்தது போன்ற ஒரு வாடை. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, உள்ளே நாத்தனார் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

ஐந்தாவது லேயர் திரும்பவும் வந்திருந்தது. இந்த முறை ஜன்னலுக்கு மேலே ஏறியிருந்தது. சாம்பல் ஆள் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றான், அல்லது நின்றாள். தோள் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. எந்த மடைச்சி இப்படிக் குளிக்கிற சத்தத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து வரைவாள் என்று ஒரு மனம் கேட்டது. கேட்ட மனத்தை இன்னொரு மனம் அதட்டியது. ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பவர்கள்தான் எல்லாம் செய்வார்கள்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு அலைந்தாள். மூன்றாம் நாள் காலை குளிக்கப் போன இருபது நிமிடம்தான் போன் மேசையில் இருந்தது. வந்து பார்த்தால் சாம்பல் ஆள் நாற்காலிக்கு மேலே வந்திருந்தது, குழந்தைக்குச் சரியாகப் பின்னால்.

அந்த ஆப்பில் ஒரு வசதி உண்டு. போட்ட கோடுகளை எல்லாம் முதலிலிருந்து படம் மாதிரி ஓட்டிக் காட்டும். ஓட விட்டாள். அவளுடைய கோடுகள் குட்டை குட்டையாக, கொத்திக் கொத்தி வந்தன. பிறகு சாம்பல் கோடு. திரையின் ஓரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தது. விரலை எடுக்காமல் ஒரே இழுப்பில் மொத்த ஆளையும் போட்டு முடித்தது. நேரம் பார்த்தாள். அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம்.

"இதுக்கு என்ன சொல்ற?" என்று போனை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அண்ணி, இதை நான் வரையல. எனக்கு நேரா ஒரு கோடு கூடப் போட வராது."

"அப்போ பேய் வந்து வரைஞ்சுதா?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. உங்க கண்ணுக்கு நான் பேயாத் தெரியறேன். நான் கிளம்பறேன் அண்ணி. அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

வாலு அத்தையின் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்தை வரையலம்மா. அத்தை விரல் சின்னது."

"நீ வாயை மூடு."

கதவு சாத்திக்கொண்டது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அப்பாடா என்றிருந்தது. லேயரை அழித்தாள். வாலுவை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, "அஞ்சு நிமிஷம் ஆடாம இரு, அம்மா சட்டைக்குக் கலர் போட்டு முடிச்சிடறேன்" என்றாள். பளீரென்று பகல் வெளிச்சம். வாசல் கதவில் தாழ்ப்பாள். போன் அவள் கையில். நிம்மதியாகத்தான் இருந்தது.

சட்டையின் மடிப்பில் மஞ்சள் தீற்றிக்கொண்டிருந்தபோது அந்த வாடை வந்தது.

அப்புறம் சத்தம். மிகப் பக்கத்தில். அவள் விரலுக்கு அடியில், கண்ணாடியின் உள்பக்கத்திலிருந்து.

திரையின் ஓரத்திலிருந்து சாம்பல் கோடு நுழைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. படத்துக் குழந்தையின் தோளில் ஒரு விரல் முளைத்தது. நீளமான விரல். இன்னொன்று. மூன்று. நான்காவது கழுத்தைச் சுற்றிப் போனது.

லேயர் பட்டியலைத் திறந்தாள். ஐந்து. ஐந்தாவது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, குழந்தைக்கும் மேலே. அழித்துவிடு. உடனே அழித்துவிடு. கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. அழிக்கிற குப்பைத்தொட்டிப் பொத்தானுக்கும், கீழ் லேயரோடு சேர்க்கிற அம்புக்குறிக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவுதான் இடைவெளி.

அழுத்தினாள்.

லேயர்கள் நான்காயின. அவளுக்கு மூச்சு வந்தது. படத்தைப் பார்த்தாள். கை அப்படியே இருந்தது.

அவள் அழிக்கவில்லை. சேர்த்துவிட்டாள். அந்தக் கையும் குழந்தையும் இப்போது ஒரே லேயர்.

பரவாயில்லை, கடைசியாகச் செய்ததைத் திருப்பி எடுக்கிற பொத்தான் இருக்கிறது. அதன்மேல் விரலைக் கொண்டு போகும்போதே போன் அதிர்ந்தது. திரை முழுக்க நாத்தனாரின் பெயர். "இவளுக்கு நேரம் காலமே கிடையாதா" என்று வெடுக்கென்று அழைப்பைத் துண்டித்தாள். ஆப் மூடி, வெள்ளையாகி, முதலிலிருந்து திறந்தது. படம் வந்தது. திருப்பி எடுக்கிற பொத்தான் மங்கிக் கிடந்தது. அதற்கு இனி எதுவும் நினைவில்லை.

"அம்மா."

நிமிர்ந்தாள்.

நாற்காலியில் வாலு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். சட்டை தோளில் அழுந்தி, மூன்று குழிகளாக மடிந்திருந்தது; கழுத்தைச் சுற்றித் தோல் அமுங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"வலிக்குதும்மா. விடச் சொல்லு."

ஓடிப் போய்த் தோளைத் தடவினாள். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் குழிகள் ஆழமாயின. குழந்தையைத் தூக்கப் பார்த்தாள். ஆணி அடித்த மாதிரி அசையவில்லை. மொத்தப் படத்தையும் அழித்துவிடலாம். ஆனால் படத்தில் வாலுவும் இருந்தாள்.

தரையில் மண்டியிட்டாள். அழிப்பானை எடுத்தாள். இருப்பதிலேயே சின்ன முனை. படத்தைப் பெரிதாக்கினாள். முதல் விரல். ஓரமாக. மெல்ல. ஒரு புள்ளி கூட உள்ளே போகாமல். கண்ணில் நீர் கட்டி மறைத்தது. துடைத்தாள். அழித்தாள்.

சட்டையில் ஒரு குழி நிமிர்ந்தது.

"இப்ப கொஞ்சம் பரவால்லம்மா."

"ஆடாதடா கண்ணு. ஆடவே ஆடாத."

இரண்டாவது விரல். மூன்றாவது. கழுத்தில் இருந்ததுதான் பாக்கி. அங்கே தோலும் விரலும் ஒரே நிறமாகக் கலந்திருந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. வேண்டாம், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம் என்று விரலைத் திரையிலிருந்து எடுத்தாள்.

அழிப்பான் நிற்கவில்லை.

அதன் வட்டம் பெரிதாகியது. நிதானமாகக் கீழே இறங்கியது. ஒரே இழுப்பு. பல் கூசும் சத்தம். போனைத் தட்டினாள், அணைக்கப் பார்த்தாள், சுவரில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி நூறாக வெடித்தது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் அந்த வட்டம் இடமும் வலமுமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

நாற்காலியில் வாலு குனிந்து, தன் காலைத் தேடிக்கொண்டிருந்தாள்.