ஜம்பு மரத்தடியில் கீட்டன்

பள்ளிக்கூட அதிபரின் ஜம்பு மரத்தில் பழம் நன்றாகத்தான் பழுக்கிறது. ஆனால் ஒன்றுகூட அதிபரின் வாய்க்குப் போய்ச் சேர்வதில்லை!

"வெள்ளிக்கிழமைக்குள்ள கள்ளன் யார்னு தெரியணும். அவனுக்குக் கலைவிழாவுல இடமில்ல," என்று சொல்லிவிட்டார் அவர். கண்டுபிடிக்கும் வேலை ஐந்தாம் தரத்து வகுப்புத் தலைவி ஷஹ்மாவின் தலையில் விழுந்தது.

அவளுக்கு ஒருவன் மேல்தான் சந்தேகம். கலஹாவிலிருந்து வந்த புதுப் பையன். பெயரே ஒரு தினுசு: கீட்டன்.

"கீட்டனா? பூச்சி மருந்துப் பேராட்டம் இருக்கே!" என்று முதல் நாளே சுதேஷ் கேட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பையன் மட்டும் உம்மென்று இருந்தான். போதாக்குறைக்கு, இடைவேளை மணி அடித்ததும் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஜம்பு மரத்தடிக்குப் போகிறான். திரும்பும்போது முழங்காலில் சிராய்ப்பு. மரம் ஏறாமல் சிராய்ப்பு எங்கிருந்து வரும்?

வியாழக்கிழமை ஷஹ்மா பூனை மாதிரி அவன் பின்னாலேயே போனாள். கீட்டன் மரத்தடிக் குட்டி மதில் மேல் நின்றான். கீழே உப்பிய சாக்கு.

"ஆ! பிடிச்சிட்டேன்!"

அவன் திரும்பவே இல்லை. அப்படியே மல்லாக்கச் சரிந்து, சாக்கின் மேல் தொப்பென்று விழுந்தான். சாக்கு கிழிந்தது. உள்ளே முழுக்கக் காய்ந்த சருகு! ஒரு ஜம்புகூட இல்லை.

"யா அல்லாஹ்! என்ன செய்ற நீ? உண்மையச் செல்லு!"

"விழப் பழகுறேன்," என்றான் கீட்டன். வாயைத் திறந்தபோதுதான் பார்த்தாள், முன்பல் இரண்டையும் காணோம். "எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல பிள்ளைங்களுக்கு நடிகர் பேருதான் வைப்பாங்க. எங்கப்பாவும் வச்சாரு. அமெரிக்காவுல பஸ்டர் கீட்டன்னு ஒருத்தரு. நூறு வருசத்துக்கு முன்னாடி தானே ஊமைப் படம் எடுத்து, தானே நடிச்சாரு. எப்படி விழுந்தாலும் சிரிக்க மாட்டாரு. பார்க்கிறவங்கதான் சிரிப்பாங்க."

"அதுக்கு?"

"எல்லாரும் என் பேரைக் கேட்டுச் சிரிக்கிறாங்க. கலைவிழாவுல நான் விழுறதைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

ஷஹ்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு அவளும் சிரித்தவள்தானே!

அந்த நேரம் பார்த்து, பாதி கடித்த ஜம்பு ஒன்று அவள் தோளில் விழுந்தது. கிளையில் குட்டியோடு ஒரு குரங்கு இளித்தது. கீட்டனின் கையையும் பழத்தையும் பிடித்துக்கொண்டு அதிபரிடம் ஓடினாள்.

"பழியைக் குரங்கு மேல போடாதீங்க," என்றார் அதிபர்.

"கடிச்ச இடத்தைப் பாருங்க சேர். முன்பல் நல்லாப் பதிஞ்சிருக்கு. கீட்டனுக்கு முன்பல்லே இல்லையே!"

அதிபர் பழத்தைப் பார்த்தார். கீட்டனின் வாயைப் பார்த்தார். அவன் கலைவிழாவுக்காக விழப் பழகும் கதையையும் ஷஹ்மா சொன்னாள். "சரி, மெத்தை போட்டு விழு," என்றார்.

வெள்ளிக்கிழமை கீட்டன் மூன்று முறை விழுந்தான். மண்டபமே அதிர்ந்தது. அதிபர் கண்ணீர் வரச் சிரித்தார்.

திங்கட்கிழமை முதலாம் தரத்து நிலூஷா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"கீட்டன் அண்ணா! எங்க வீட்டுல தம்பி பிறந்திருக்கான். உங்க பேரைத்தான் வைக்கணும்னு நான் காலையில இருந்து சாப்பிடவே இல்ல!"