காற்றுக் குழாயில் ஊதாச் சேலை

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் திருத்தப் போனால் முதலில் தேத்தண்ணி வரும், பிறகுதான் பழுது என்னவென்று தெரியவரும். அதனால் மொன்ட்ரியால்-நோரில் அந்த வீட்டுக் கதவு திறந்ததுமே, சப்பாத்தைக் கழற்றியபடி முந்திக்கொண்டேன்.

"தங்கச்சி, தேத்தண்ணி பேந்து. முதல்ல மெஷினைக் காட்டுங்கோ."

சாம்பவி சிரிக்கவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"கொஞ்ச நாளாத் தலையிடி அண்ணை. வெளியில போனா நிண்டிடுது. உள்ள வந்தாத் திரும்பவும் தொடங்குது. லக்ஷன் பாலும் குடிக்கிறானில்லை, எந்த நேரமும் நித்திரைதான்."

என் பகிடியெல்லாம் அடங்கிவிட்டது. ஜன்னல்களைப் பார்த்தேன். கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தன. வெளியே போனால் மாறும் தலையிடி, வியர்க்கும் ஜன்னல், எழும்பாத பிள்ளை. இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால் காஸ் வேலை செய்கிற எவனும் முதலில் நச்சுவாயு அலாரத்தைத்தான் தேடுவான்.

"அலாரம் எங்க?"

அது சமையலறை லாச்சிக்குள் கிடந்தது. பற்றரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டால் கத்துகிறதாம்.

நச்சுவாயுவை அளக்கிற என் மீட்டரை வெளியே எடுத்தேன். அது எடுத்த எடுப்பிலேயே கத்தியது.

"பிள்ளையைக் கொண்டு வெளியில போங்கோ. ஒண்டும் தேட வேண்டாம். போங்கோ!"

காஸ் ஒழுகினால் அழுகிய முட்டை மணக்கும், மூக்காவது சொல்லிக் கொடுக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளை நித்திரையாக்கி, நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். நான் காஸை மூடிவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் நின்று அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒட்சிசன் பிடித்தார்கள். பின்னேரம் வீறிட்டு அழுதானாம். பிள்ளை அழுதது என்று கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் மத்தியானம் மெஷினைப் பார்க்கப் போனேன். சாம்பவியின் புருஷன் பிருந்தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்றான். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுகிற வேலை அவனுக்கு. நல்ல பெடியன், ஆனால் பயந்தால் கோபப்படுகிறவன்.

பேஸ்மென்டில் ஃபேர்னஸ் அறைக்கு ஜன்னல் இல்லை. ஒற்றை பல்பு, அதுவும் மினுங்கி மினுங்கி எரிந்தது. ஈரச் சீமெந்து மணம். அதற்கு மேலால் வேறொரு மணமும் வந்தது. பிள்ளைகளுக்குப் போடுகிற பவுடர் மணம். வீட்டில் பிள்ளை இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

நெருப்பு எரிவதற்குக் காற்று வேண்டும். அதற்காக வெளிச்சுவரிலிருந்து ஒரு தடித்த குழாய் அந்த அறைக்குள் இறங்கி வரும். ஜனவரி மாதத்தில் அதற்குள்ளால் பனிக்காற்று சில்லென்று வந்து காலில் அடிக்கும். அதைப் பொறுக்க முடியாமல் எங்கள் சனம் பழைய துணியைத் திணித்து அடைத்துவிடும். குளிர் நிற்கும். காற்றும் நிற்கும். நெருப்பு மூச்சுத் திணறி விஷத்தைக் கக்கும். இதைச் செய்த வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

குழாய்க்குள் கையை விட்டேன். நினைத்தது போலவே துணி. வெளியே இழுக்க இழுக்க வந்தது. ஊதா நிற வொயில் சேலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள்.

"அண்ணை, இது என்ர சேலை இல்லை," என்றாள் சாம்பவி.

"பின்ன ஆற்ற? குழாய் கட்டுறதோ?" என்று கேட்டேன்.

"சத்தியமா நான் வைக்கேல்லை."

பிருந்தன் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை வராமல் இருக்கட்டும் என்று, முகத்தைக் குழாயின் வாயில் வைத்து உள்ளே பார்த்தபடியே பகிடி விட்டேன்.

"அவ்வளவு குளிரெண்டா எங்கட வீட்டை வாங்கோவன். என்ர மகளும் பிள்ளை பெத்து வந்து நிக்கிறா. பச்சைப்பிள்ளைக்கெண்டு வீட்டை நல்ல சூடா வைச்சிருக்கிறம்."

யாரைக் கண்டாலும், வீட்டுக்கு வாருங்கள் என்ற பொருளில், வீட்டை வாங்கோவன் என்று சொல்வது எங்கள் வாய்ப்பழக்கம். சொல்பவனும் மறந்துவிடுவான், கேட்டவனும் வரமாட்டான்.

என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மெஷினைத் துப்புரவாக்கிப் பற்ற வைத்தேன். சுவாலை நல்ல நீலமாக நின்றது. மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாகப் புது அலாரங்கள் பூட்டினேன். "போட்டு வாறன்," என்று சொல்லி வெளிக்கிட்டேன்.

அடுத்த கிழமையே பிருந்தனின் போன் வந்தது. அலாரம் கத்துகிறது, மூன்று பேரும் ரோட்டில் நிற்கிறோம் என்றான். நான் போய்க் காஸை மூடிவிட்டுக் குழாயைப் பார்த்தேன்.

ஊதாச் சேலை.

முதல் தடவை நான் இழுத்த இழுப்பில் கவனிக்கவில்லை. இந்த முறை ரோர்ச் அடித்துப் பார்த்தேன். அது திணித்த துணியே இல்லை. அழகாக மடித்து, ஓரங்களைச் சுற்றிவர உள்ளே செருகி, ஒரு சுருக்கமும் இல்லாமல் வைத்திருந்தது. என் மனைவி புஷ்பராணி பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியால் சுற்றும்போது கடைசி மடிப்பை இப்படித்தான் கழுத்தடியில் செருகுவாள்.

நான் மேலே ஏறி வாசலுக்கு வரும்போது பிருந்தன் கத்திக்கொண்டிருந்தான்.

"நீர்தான் வைக்கிறீர் சாம்பவி! வேற ஆர் இருக்கினம் இந்த வீட்டில? அந்தத் துணியை நான் குப்பையில போட்டனான். அதைத் திரும்ப எடுத்து வைக்கிறீர். பிள்ளை பிறந்த பிறகு உமக்கு மண்டை சரியில்லை. டொக்டரிட்டப் போவம்."

சாம்பவி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. நான் என்ர பிள்ளைக்கு இப்பிடிச் செய்வனே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினேன். எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு மனம் குழம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சேலையை இழுத்தெறிந்துவிட்டு, குழாயின் இரண்டு வாயிலும் இரும்பு வலை வைத்து ஸ்குரூ போட்டு முறுக்கினேன். காற்று வரும், துணி போகாது. இனி அவளால் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் வான் வண்டியில் சாமான்களை ஏற்றும்போது பக்கத்து வீட்டு அக்னெஸ் பனி தள்ளிக்கொண்டிருந்தார். ஹெய்ட்டிக்காரப் பெண்மணி, அந்தத் தெருவில் நெடுங்காலமாக இருப்பவர். என் அரைகுறை பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சவளைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டார்.

"மெஸ்யூ, முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவளும் உங்கள் நாட்டுப் பெண்தான். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவள் வந்ததே பனிக்காலத்தில். அவளுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் ஃப்ருவா, குளிர். என்னைக் காணும்போதெல்லாம் பிள்ளையைக் காட்டி அதைத்தான் சொல்வாள்."

"பிறகு?"

"பிறகு ஒரு நாள், குழாயை அடைத்துவிட்டுப் படுத்த தாயையும் பிள்ளையையும் பிணமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையைத் தன் சேலையால் நன்றாகச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். ஊதா நிறச் சேலை."

சேலையின் நிறத்தை நான் அக்னெஸிடம் சொல்லியிருக்கவில்லை.

அவ்வளவுக்கும் பிறகு நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. வலை போட்ட பிறகும் அலாரம் கத்தினால்? ஒரு நாள் பற்றரி தீர்ந்து அது கத்தாமலே விட்டால்? மறுநாள் திரும்பிப் போனேன். சாம்பவியையும் லக்ஷனையும் அக்னெஸ் வீட்டில் இருக்க வைத்தேன். பிருந்தனை மாடிப்படியின் மேல்தட்டில் உட்கார வைத்தேன். யாரும் கீழே இறங்க முடியாது. நான் ஃபேர்னஸ் அறையில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் குந்தினேன்.

வெளியே பட்டப்பகல், பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அந்த ஒற்றை பல்புதான். ஃபேர்னஸ் உறுமியது. சின்ன ஓட்டைக்குள்ளால் சுவாலை நீலமாகத் தெரிந்தது. உள்ளங்கையை வலைக்கு முன்னால் பிடித்திருந்தேன். பனிக்காற்று விரல்களை விறைக்க வைத்தது. அந்தக் குளிர் எனக்குத் தைரியமாக இருந்தது.

பவுடர் மணம் வந்தது.

முதலில் கொஞ்சமாக. பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் என் பக்கத்தில் வந்து குந்தியது போல.

கையில் பட்ட காற்று குறைந்தது.

நின்றது.

சுவாலையின் நுனி மஞ்சளானது.

ரோர்ச்சை அடித்தேன். நான் முறுக்கிய ஸ்குரூக்கள் முறுக்கியபடியே இருந்தன. வலைக்கு அந்தப் பக்கம் ஊதாச் சேலை. அது அசைந்துகொண்டிருந்தது. ஓரம் ஓரமாக, பொறுமையாக, உள்ளே செருகப்பட்டுக்கொண்டிருந்தது. செருகுகிற விரல் தெரியவில்லை.

"தங்கச்சி," என்றேன். "தங்கச்சி, அதை அடைக்காதேங்கோ. அது நஞ்சு. பிள்ளை செத்துப்போகும்."

சேலை அசையாமல் நின்றது. குழாய்க்குள்ளிருந்து, மிக மெல்ல, என்னை ஆறுதல்படுத்துவது போல ஒரு குரல் வந்தது.

"பிள்ளைக்குக் குளிருது."

கோபமில்லாத குரல். கோபமாக இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன், மன்றாடியிருப்பேன். பாசத்தோடு கொல்லுகிற ஒருத்தியிடம் என்னத்தைச் சொல்வது? பல்பு மினுங்கியது. மீட்டர் கத்தியது. காஸை மூடிவிட்டுப் படியில் பாய்ந்தேன்.

மேலே பிருந்தனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணை, கீழ ஒரு பொம்பிளை கதைச்சவ. நான் கேட்டனான்."

"ஓம்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதான். பிறகு அக்னெஸ் வீட்டுக்கு ஓடிச் சாம்பவியின் காலடியில் குந்திவிட்டான். அன்றைக்கே பிள்ளையின் உடுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு மூவரும் அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போனார்கள். அது கரண்டில் சூடாகிற அப்பார்ட்மென்ட். நெருப்பும் இல்லை, குழாயும் இல்லை. நான் அந்த வீட்டின் காஸ் இணைப்பையே கழற்றிவிட்டேன்.

அதன் பிறகு நானும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. போன் அடித்தாலே நெஞ்சு திடுக்கிடும். நேற்றுப் பின்னேரம் கடைசி வேலையை முடித்துவிட்டு வரும்போது சாம்பவி எடுத்தாள்.

"அண்ணை, இஞ்ச ஒண்டுமில்லை. லக்ஷன் வடிவாச் சிரிக்கிறான். அண்டைக்கு வீட்டைப் பூட்டேக்கையே அந்தப் பவுடர் மணமும் போயிட்டுது. அவ எங்கயோ போயிட்டா போல கிடக்கு."

பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. வழியில் ஒரு டெப்பனர் கடையில் நிறுத்தி, மகள் பிரஷாந்தினிக்குப் பிடிக்கும் என்று சொக்கலேட் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் பேஸ்மென்டுக்குப் போய் எங்கள் குழாயின் வாயில் கையை வைத்தேன். பனிக்காற்று சில்லென்று வந்தது. அலாரத்தில் பச்சை லைட் எரிந்தது. நெருப்பு நீலமாக இருந்தது. என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. புஷ்பராணி புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். பிரஷாந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அம்மா, நான் குளிச்சிட்டு வாறதுக்கிடையில பிள்ளையை எவ்வளவு வடிவாச் சுத்தி விட்டிருக்கிறீங்கள். அசையாமல் நித்திரை. இந்தச் சேலை எங்கால எடுத்தனீங்கள்?"

புஷ்பராணி அகப்பையோடு திரும்பினாள்.

"நான் மேல வரவே இல்லையே."

ஊதா நிறம். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். கழுத்தடியில் ஒரு சுருக்கமும் இல்லாமல் செருகிய மடிப்பு.

நான்தான் கூப்பிட்டேன். குழாயில் முகத்தை வைத்து, பிள்ளை இருக்கிறது, வீடு சூடாக இருக்கிறது, வாங்கோவன் என்று என் வாயால் கூப்பிட்டேன்.

கீழே அலாரம் கத்தத் தொடங்கியது.

பிள்ளையைப் பறித்துக்கொண்டு, இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு வாசலால் ஓடினேன். யாருக்கும் குளிர் ஜாக்கெட் இல்லை, புஷ்பராணிக்குக் காலில் செருப்புமில்லை. தெருவில் நின்று அந்தச் சேலையைப் பிய்த்து எறிந்தேன். பிள்ளை கண் விழித்தது. என் சேர்ட்டுக்குள் அதை வைத்து அணைத்துக்கொண்டேன். காற்று ஊசியாகக் குத்தியது. பிரஷாந்தினி நடுங்கிக்கொண்டே தீயணைப்புக்காரருக்குப் போன் எடுத்தாள். பிள்ளை குளிரில் அழத் தொடங்கியது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உள்ளே போக முடியாது, வெளியே நிற்கவும் முடியாது.

திறந்து கிடந்த எங்கள் வீட்டு வாசலில் ஒருவரும் இல்லை. பவுடர் மணம் மட்டும் தெருவரைக்கும் வந்தது. பிறகு அந்த மெல்லிய குரல், வீட்டுக்காரி விருந்தாளியைக் கூப்பிடுவது போல, வாசலுக்குள்ளிருந்து கூப்பிட்டது.

"பிள்ளைக்குக் குளிருது. உள்ள வாங்கோவன்."