விடுவிக்கப்பட்டவர்கள்

சபியுல்லா ஸலாம் சொல்லாமல் வீட்டுக்குள் வந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து ஆசிபா ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. சண்டை போட்டுவிட்டுப் போன நாட்களில்கூட வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அவள் பதில் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். இன்று காலில் செருப்பே இல்லை. நிலைப்படியில் நின்று, கதவு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பவன்போல அதன் விளிம்பைத் தடவிவிட்டு, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவளுக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகப் படவில்லை. உயிரோடு வந்துவிட்டான்.

"யா அல்லா! எப்ப விட்டாவ? அடிச்சாவளா?"

"எல்லாம் முடிஞ்சிட்டு" என்றான்.

டெல்லியில் தேர்தலை நிறுத்தி, நாடாளுமன்றத்தைக் கலைத்து, எதிர்த்துப் பேசியவர்களை உள்ளே போட்டபோது, நாடெங்கும் தெருவுக்கு வந்த ஜனத்தோடு கோவில்பட்டியும் கிளம்பியது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் மில் தொழிலாளிகளும் தண்டவாளத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அரசு அலுவலகங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். செருப்புக்கடை வைத்திருந்த சபியுல்லா ஷட்டரை இறக்கிவிட்டு முன்வரிசையில் போய் நின்றான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. ஒரு வாரம்போல ஊர் அவர்கள் கையில் இருந்தது. பிறகு பட்டாளம் வந்தது. ஒரே காலைப்பொழுதில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்று மதியம் ஆசிபாவின் தம்பி அஃப்ஜல் முட்டியெல்லாம் சிராய்ப்போடு கொல்லைச்சுவர் ஏறிக் குதித்து, "மச்சானை லாரியில ஏத்திட்டாவக்கா" என்றான். அவனையும் தேடினார்கள். அன்றிலிருந்து அடுக்களைப் பரணில், காலி செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் கிடக்கிறான்.

ஊரடங்கு. போன்கள் செத்துக் கிடந்தன. இன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒலிபெருக்கி வேன் தெருத் தெருவாக ஊர்ந்து போனது. "கைது செய்யப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டுள்ளனர். இன்று மாலை வீடு திரும்புவார்கள். பொதுமக்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கவும்." தெருவில் எல்லோரும் திறந்து வைத்தார்கள். அவளும்தான்.

மேற்கு வெயில் அவன் முதுகுப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஒரு வாடை மெல்லப் பரவியது. கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கிற கரிசலில் முதல் மழை இறங்கியதும், வெடிப்பின் அடியிலிருந்து வெக்கையோடு கிளம்பி வருமே, அந்த வாடை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழை பெய்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

"தண்ணி" என்றான்.

செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஊற்றினான். இன்னொன்று கேட்டான். பிறகு அவள் கொண்டுவந்த குடத்தையே தூக்கி வாயருகே சாய்த்துக்கொண்டான். தண்ணீர் ஒரே சீராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு மிடறுச் சத்தம் இல்லை, தொண்டை ஏறி இறங்கவில்லை, ஒரு சொட்டுத் தரையில் விழவில்லை. காய்ந்த நிலத்தில் ஊற்றுவதுபோல இருந்தது. குடம் காலியானதும் கீழே வைத்தான். உதடு அப்போதும் உலர்ந்தே இருந்தது.

"இன்னும்."

அவன் குரலில் கரகரப்பு கொஞ்சமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

குடத்தோடு அடுக்களைக்கு வந்தாள். பரணிலிருந்து அஃப்ஜல் கிசுகிசுத்தான்.

"அக்கா, யாரு வந்திருக்கா?"

"ஒங்க மச்சான்தாம்ல. விட்டுட்டாவ."

அவன் பெட்டிகளை விலக்கித் தலையை நீட்டினான்.

"நீ பாத்தியா? மொகத்தப் பாத்தியா?"

"பாக்காம என்னல? குடத்தோட தண்ணி குடிக்காவ."

"அக்கா... லாரின்னு பொய் சொன்னேன்கா. உண்மையச் சொன்னா நீ வெளிய ஓடிருவ, ஒன்னையும் சுட்டுருவானுவன்னுதான்... கழுகுமலை ரோட்டுக்குத் தெக்க, பருத்திக் காட்டுக்குள்ள ஓடும்போது மச்சானுக்கு நெஞ்சுல பட்டுட்டு. என் மடியிலதான் உசுரு போச்சு. தூக்கிட்டு வர முடியல. பெரிய வெடிப்பு ஒண்ணுல எறக்கி, என் கையாலதாங்கா மண்ணத் தள்ளுனேன்."

குடம் அவள் இடுப்பிலிருந்து நழுவியது. தரையில் மோதி உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது.

"வீட்டுல வேற யாரு?"

"யாருமில்ல" என்றாள். பிறகு, தனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள்.

பதில் இல்லை.

வெறுங்கால்கள் தரையில் நடந்து வந்தன. அடுக்களை வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவன் உதடுகள் எதையோ தேடுவதுபோல அசைந்தன. பற்களுக்கு இடையில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. சட்டையில் நெஞ்சுப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. சுற்றிலும் ரத்தக்கறை இல்லை. மண்ணால் மெழுகியிருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்தான்.

"எல்லாரும் வந்துரணும்" என்றான். "எறங்கு."

மேலே செருப்புப் பெட்டிகள் நடுங்கின. ஒன்று விழுந்தது. இன்னொன்று.

"அஃப்ஜல், எறங்காத!"

பரண் விளிம்பில் தம்பியின் கால் தெரிந்தது. கைகள் பரணை இறுகப் பிடித்திருந்தன. கால் மட்டும் இறங்கியது. யாரோ பிடித்து இழுப்பதுபோல. அவள் பாய்ந்து அந்தக் காலைப் பிடித்து மேலே தள்ளினாள். அசையவில்லை.

"அக்கா, விட்டுராத."

ஒற்றையாளாக முடியாது. ஆள் வேண்டும். யாராவது. அவள் தம்பியின் காலை விட்டுவிட்டு, சபியுல்லாவை இடித்துக்கொண்டு ஓடினாள். அவன் தோள் சில்லென்று ஈரமாக இருந்தது. முன்னறை. நிலைப்படி. தெரு.

"யாராவது வாங்க!"

யாருக்கும் கேட்கவில்லை. தெரு முழுக்க அழுகையும் சிரிப்பும். மேற்குக் கோடியிலிருந்து ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு. பேசாமல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவர் பிரிந்து நின்றார். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. பெண்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஒரு கதவு மூடியது. அடுத்தது. அதற்கடுத்தது.

பின்னால் அவள் வீட்டுக்குள் ஏதோ பாரமாக விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

எதிர்வீட்டு வாசலில் ரேணுகாதேவி தன் மகன் ஹரிஹரசுதனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிய ஆசிபாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி ஆசிபா, எம்புள்ள வந்துட்டான்! ஒங்க வீட்டுக்காரவியளும் வந்துட்டாவளா?"

அவள் தோளில் சாய்ந்திருந்த ஹரிஹரசுதன் ஆசிபாவைப் பார்த்து வாயைத் திறந்தான். உள்ளிருந்து கரிசல் மண் கொட்டத் தொடங்கியது. தாயின் முதுகில், சேலையில், படிக்கட்டில். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. ரேணுகாதேவி அவன் தலையைத் தடவிக்கொடுத்தபடியே இருந்தாள்.